துக்க வீட்டுக்கு ஒரு கணக்குத் தலைப்பு

“நீ ஒரு நாளாச்சும் கேனப்பிக் கம்பி தூக்கியிருக்கியா? எங்க தொழிலுக்கு நீ எப்படிம்மா கணக்கு கட்டுவ?”

சித்தப்பா இப்படிக் கேட்டபோது நான் கடை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தேன். அவர் நின்றுகொண்டே ரொட்டி சானாயைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. “கம்பி தூக்கத் தெரிஞ்சவங்க கட்டுன கணக்குதானே சித்தப்பா பேங்குலேர்ந்து திரும்பி வந்துச்சு?” என்றேன். அப்பா சிரித்துவிட்டார். சித்தப்பாவும் சிரித்தார். ஆனால் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அப்பாவும் சித்தப்பாவும் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளம் முழுக்க மடித்த கித்தான், இரும்புக் கம்பி, அடுக்கிய சிவப்பு நாற்காலி, வட்ட மேசை, ஆளுயர மின்விசிறி. இங்கே கூடாரத்தை எல்லாரும் கேனப்பி என்றுதான் சொல்வார்கள். கல்யாணம், பிறந்தநாள், கோயில் திருவிழா, மாதா கோயில் விருந்து என்று தீவிலிருந்து கடற்பாலத்தைத் தாண்டி அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் வரை எங்கள் லாரி போகும். சாவு வீட்டுக்கும் போகும்.

இரண்டாவது லாரி வாங்க அப்பா வங்கியில் கடன் கேட்டிருந்தார். முறையான கணக்கு கொண்டு வாருங்கள் என்றார்கள். அப்பாவின் கணக்கு சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில் இருந்தது. முகூர்த்த நாளின் கட்டத்துக்குள்ளேயே, யாருக்கு எத்தனை கேனப்பி, எவ்வளவு முன்பணம் என்று பென்சிலில் பொடியாக எழுதியிருப்பார். அந்தத் தாள்களைக் கிழித்து, உருட்டி, ரப்பர் வளையம் மாட்டி எடுத்துப் போனார். வங்கியிலிருந்த பெண் ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிட்டு, மரியாதையாகவே, அதே ரப்பரை மாட்டித் திருப்பிக் கொடுத்தாராம். அப்பா அதைச் சொன்ன விதத்தில் வருத்தம் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது. கணக்கியல் படித்த மகள் வீட்டில் இருக்கும்போது என் அப்பா நாட்காட்டித் தாளைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போவதா?

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, சொல்லவும் விருப்பமில்லை. அப்பா பத்து காவான் என்ற தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். தமிழ் வாசிப்பார், மலாய் பேசுவார், ஆங்கிலம் மட்டும் அவருக்குச் சுவர். ஆகவே சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசிக்கும் வேலை என்னுடையது. மருத்துவமனை, நகராண்மை, காப்பீடு எதுவானாலும் கடிதத்தைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, நான் பள்ளியிலிருந்து வரும்வரை காத்திருப்பார். நான் வாசித்துச் சொல்வதுதான் அந்தக் கடிதம். அதற்குமேல் அதில் ஏதாவது இருக்குமோ என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

ஒரு வியாபாரத்துக்குக் கணக்குத் தலைப்புப் பட்டியல் போடுவது அலமாரி அடிப்பது மாதிரி. எந்தப் பொருள் எந்தத் தட்டில் என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும். பெரிய தட்டுகள் ஐந்துதான்: சொத்து, கடன், முதல், வருமானம், செலவு. ஒவ்வொன்றுக்குள்ளும் எண் போட்ட சின்னச் சின்ன அறைகள். நான் வேலை பார்க்கும் தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர்கள் அடித்த அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையாக ஒன்றை நானே அடிக்கப் போகிறேன் என்ற பெருமை எனக்கு. அலுவலகம் விட்டதும் தினமும் கடைக்குப் போனேன். ஒவ்வொரு தலைப்பையும் தமிழில் சொல்லி, அப்பா தலையாட்டிய பிறகே பட்டியலில் சேர்த்தேன்.

அந்தச் சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. நாற்காலிக்குத் தேய்மானம் என்று ஒரு தலைப்பு போட்டபோது சித்தப்பா விடவில்லை. உட்கார்ந்தால் தேயும், சரி, அடுக்கி வைத்த நாற்காலி எப்படித் தேயும் என்றார். வருஷத்துக்கு இவ்வளவு என்று குறைத்துக்கொள்வோம் சித்தப்பா என்றேன். “அப்ப எனக்கும் அம்பது வயசாச்சு, என்னையும் ஒரு நம்பர் போட்டுக் கொறச்சிரு” என்றார். பாலத்துச் சுங்கம், டீசல், ஆட்கூலி, தைப்பூசத்துத் தண்ணீர்ப்பந்தலுக்கு இலவசமாகப் போடும் கேனப்பி என்று எல்லாவற்றுக்கும் ஓர் அறை கிடைத்தது. சித்தப்பாவின் முட்டை ரொட்டிக்குக்கூட ‘பணியாளர் உணவு’ என்று ஒரு எண் கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் ரொட்டிக் கடையில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் அந்த எண்ணைச் சொல்லித்தான் ரொட்டி கேட்டார்.

வருமானத் தட்டுக்கு வந்தோம். கல்யாணம் ஒரு எண், கோயில் காரியங்கள் ஒரு எண், பிறந்தநாள் விருந்துகள் ஒரு எண். அடுத்த எண்ணைத் தட்டிவிட்டு, “துக்க வீடு” என்றேன்.

அப்பா கித்தான் மடித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. “அதையும் வருமானத்துலயா போடுற?”

“காசு வந்தா வருமானம்தான்பா.”

“வராட்டி?”

“வராட்டி, வர வேண்டியதுன்னு நிக்கும்.”

அப்பா மறுபடி கித்தானை மடிக்கத் தொடங்கினார். அவருக்கு ஒப்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. படித்தவள் சொல்கிறாள் என்று விட்டுவிட்டார் என்பதும் தெரிந்தது. அப்போது அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

துக்க வீட்டுக்கு அப்பா விலை சொல்வதில்லை. தொலைபேசி வந்தால் எந்த இடம், எத்தனையாவது மாடி, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் இடம் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்பார். கல்யாணத்துக்குக் கட்டும் பூப்போட்ட துணி எதுவும் லாரியில் ஏறாது, வெள்ளைக் கித்தான் மட்டும். உடல் வீட்டுக்கு வருவதற்குள் கேனப்பி நிற்க வேண்டும். வேலை முடிந்ததும் ‘வரோம்’ என்று யாரும் சொல்லக் கூடாது, பேசாமல் லாரியில் ஏறிவிட வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டிலிருந்து யாராவது கடைக்கு வந்து ஒரு உறையை அப்பா கையில் கொடுப்பார்கள். அதை அவர்கள் முன்னால் பிரிக்கக் கூடாது. சிலர் ஒரு வருஷம் கழித்து வருவார்கள். சிலர் வருவதே இல்லை. அப்பா கேட்டதில்லை.

பாயான் பாரு அடுக்குமாடிகளில் தமிழ் வீட்டில் யாராவது தவறிவிட்டால், சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே அப்பாவுக்குத்தான் தொலைபேசி வரும். எங்கள் கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை கிடையாது. அந்தத் தொலைபேசிதான் அப்பாவின் பெயர். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான், இந்தப் பழக்கத்தால் வருஷத்துக்கு எவ்வளவு போகிறது என்று எண்ணில் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பார்த்தால் அப்பாவே மாறுவார் என்று நினைத்தேன்.

பட்டியல் முடிந்து, கணக்கு மென்பொருளில் ஏற்றி, பழைய வாடிக்கையாளர் பெயர்களையும் கைப்பேசி எண்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து முடித்த வாரத்தில் பெரியப்பா இறந்தார்.

சொந்தப் பெரியப்பா இல்லை. அம்மா மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவரை அம்மா அக்கா என்பார், நான் பெரியம்மா என்பேன். அவருடைய கணவர். அம்மாவுக்கு மதியப் பணி வரும் வாரங்களில், பள்ளி விட்டதும் நான் பாயான் பாருவில் அவர்கள் வீட்டுக்குத்தான் போவேன். பெரியம்மா சோறு போடுவார். நான் சாப்பாட்டு மேசையில் புத்தகத்தைத் திறந்தால் பெரியப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஊமைப் பந்தாட்டம் பார்ப்பார். கோல் விழுந்தால் தொடையில் ஒரு தட்டு. அவ்வளவுதான் அந்த வீட்டில் கேட்கும் சத்தம்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று தகவல் வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் உடனே லாரியோடு போனார்கள். அம்மா அவர்களோடு போய், இரவு அங்கேயே தங்கினார். என்னை ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகச் சொன்னார். அலுவலகத்தில் மாதக் கடைசி, சாயங்காலம் அப்பாவின் கடனுக்காக வங்கிக்குத் தயார் செய்ய வேண்டிய கோப்பு. நாளைக்கு வருகிறேன் என்றேன். மறுநாள் எடுத்துவிட்டார்கள். பிறகு எட்டாம் நாள் படையலுக்குப் போகலாம் என்று நினைத்தேன். போகவில்லை. பதினாறாம் நாளுக்கு நிச்சயம் என்று அம்மாவிடம் சொன்னேன்.

கேனப்பி கடைக்குத் திரும்பி வந்த அன்று, நான் என் வேலையைச் செய்தேன். துக்க வீடு என்ற தலைப்பில் அதுவரை ஒரு பதிவும் இல்லை. பெரியப்பாவின் பெயர் ஏற்கெனவே வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தது. மகள் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் கேனப்பி எடுத்திருந்தார். அந்தப் பெயரையே தேர்ந்தெடுத்தேன். கேனப்பி இத்தனை, நாற்காலி இத்தனை, வழக்கமான வாடகை. அப்பா கேட்கவே போவதில்லை, உள்ளுக்குள் ஒரு கணக்குக்காக மட்டும் பதிந்து வைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். காலியாக இருந்த தலைப்பில் ஒரு எண் வந்து நின்றதைப் பார்த்தபோது, வேலை ஒழுங்காக நடக்கிறது என்று திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றும் என் கையை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை.

கல்யாண வீட்டுக்காரர்கள் பாக்கியை இழுத்தடிப்பார்கள் என்பதால், இரண்டு வாரம் தாண்டிய எல்லாப் பாக்கிக்கும் தானாகவே கைப்பேசிக்குப் புலனச் செய்தியாக நினைவூட்டல் போகும்படி ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தேன். எல்லாருக்கும் என்ற கட்டத்தில் சரி போட்டவள் நான். மென்பொருளோடு வந்த வாசகம் வறட்டுத்தனமாக இருந்ததால் அதைத் திருத்தியவளும் நான். முடிவில் ஒரு வரியைச் சொந்தமாகச் சேர்த்தேன். நல்ல ஆங்கிலம். அதைப் படித்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியத்துக்கும் நான் போகவில்லை. அலுவலகத்தில் விடுப்பு கேட்கக் கூச்சமாக இருந்தது என்பது நான் அம்மாவிடம் சொன்ன காரணம். முதல் இரண்டு முறையும் போகாமல் இப்போது எந்த முகத்தோடு போவது என்பதுதான் உண்மைக் காரணம். காரியம் நடந்துகொண்டிருந்த காலை, பெரியப்பாவின் கைப்பேசிக்கு எங்கள் கடையிலிருந்து செய்தி போனது. பெரியம்மா அந்தக் கைப்பேசியை அணைக்காமல் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாராம்.

மறுநாள் சனிக்கிழமை. நான் கடையில் இருந்தேன். பெரியம்மாவின் தம்பி வந்தார். அப்பா எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. ஒரு உறையை மேசையில் வைத்தார்.

“காரியம் முடியற வரைக்கும் பொறுக்க முடியலையாண்ணே?”

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன தம்பி, என்ன ஆச்சு என்றார்.

“யாரு பேருக்கு அனுப்பியிருக்கீங்கன்னு பாருங்க. உங்க போனுக்கே அனுப்பி வச்சிருக்கேன். பாப்பாவப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்குங்க.”

பாப்பா நான்தான். அவர் என் பக்கம் திரும்பாமலே சொல்லிவிட்டுப் போனார். அப்பா கைப்பேசியை எடுத்து, எப்போதும் போல, என்னிடம் நீட்டினார்.

செய்தி பெரியப்பாவின் பெயரை விளித்துத் தொடங்கியது. அன்புள்ள ஐயா என்று, இறந்தவருக்கு. பாக்கித்தொகை, தாண்டிய நாட்கள், கூடிய விரைவில் செலுத்தும்படி வேண்டுகோள். முடிவில் என்னுடைய வரி: உங்களுக்கு மீண்டும் சேவை செய்யும் வாய்ப்புக்காக ஆவலோடு காத்திருக்கிறோம்.

சாவு வீட்டில் ‘வரோம்’ என்றுகூடச் சொல்லாத மனிதரின் கடையிலிருந்து.

“என்னம்மா எழுதியிருக்கு?”

“பாக்கி இவ்ளோ இருக்கு, சீக்கிரம் கட்டுங்கன்னு இருக்குப்பா. மெஷினா அனுப்புனது.”

அப்பா கை நீட்டினார், கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன்.

“அவ்வளவுதான்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. கண் அந்த வரியைப் பார்த்தது, வாய் தாண்டிப் போய்விட்டது. ஆனால் தாண்டியது நான்தான். இத்தனை வருஷம் அவருக்கு வாசித்துச் சொன்ன எதிலும் ஒரு சொல்லைக்கூட விட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நோய் என்று எழுதியிருந்த கடிதத்தைக்கூட நோய் என்றே வாசித்தவள் நான்.

கேட்டது தப்புதான், நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு இந்த உறையையும் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அப்பா சட்டையை மாற்றினார். மெஷின் செய்த தப்புக்கு நீங்கள் ஏன் அண்ணே என்று சித்தப்பா தடுத்துப் பார்த்தார். பிறகு அவரே லாரியை எடுத்தார். அவர்கள் கிளம்பும்போதாவது நான் சொல்லியிருக்கலாம். லாரியின் பின்புறம் தெருமுனை திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது.

திரும்பி வந்தபோது உறை அப்பா சட்டைப்பையிலேயே இருந்தது. அவர்கள் வாங்கவில்லை. அப்பா குழாயடியில் கால் கழுவினார், துடைத்தார், வந்து உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டார்கள், உட்காரச் சொன்னார்கள், யாரும் சத்தம் போடவில்லை என்றார். அவசரப்பட்டுக் கேட்டுவிட்டதற்கு அப்பா வருத்தம் தெரிவித்தாராம். பெரியம்மா, அதில்லண்ணே என்று சொல்லி, கைப்பேசியை எடுத்து அந்தக் கடைசி வரியைத் தமிழில் வாசித்துக் காட்டினாராம். தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஆங்கிலம் வாசிப்பார்.

அப்பா என்னைத் திட்டவில்லை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான்:

“நீ படிக்கறப்ப அந்தக் கடைசி வரி இல்லையேம்மா.”

சட்டைப்பையிலிருந்து உறையை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்தவை சின்ன விஷயங்கள்தான். நகராண்மையிலிருந்து ஒரு கடிதம் வந்தது, கடைக்கு முன்னால் நடைபாதையில் நாற்காலி அடுக்கக் கூடாது என்று. அப்பா எப்போதும் போல என்னிடம் கொடுத்தார். வாசித்துச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு கடிதத்தைக் கையில் வாங்கி, அந்த ஆங்கில எழுத்துகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, “இன்னும் எதாச்சும் இருக்காம்மா?” என்றார். குத்திக் காட்டும் குரல் இல்லை அது. சாதாரணமாகத்தான் கேட்டார். அதனால்தான் தாங்க முடியவில்லை.

அதே வாரம் பெரியம்மாவின் கட்டடத்திலேயே இன்னொரு வீட்டில் ஒரு வயதானவர் தவறிவிட்டார். அப்பாவின் கைப்பேசி அடிக்கவில்லை. சந்தையில் யாரோ சொல்லித்தான் அம்மாவுக்கே தெரிந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் வேறொருவருடைய நீலக் கேனப்பி நின்றதாம். அப்பா அன்று முழுக்கக் கைப்பேசியை மேசைமேல் வைத்திருந்தார். சார்ஜ் இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னார். நிறைய இருந்தது.

இதற்கிடையில் வங்கி எங்கள் கோப்பை ஏற்றுக்கொண்டது. கடன் கிடைத்தது. நான் போட்ட பட்டியலை அந்தப் பெண் பாராட்டியதாக அப்பா வந்து சொன்னார், பெருமையாகவேதான். இதைச் சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு வரியைத் தாண்டிப் போவதாகிவிடும். பட்டியல் தவறில்லை. அதை இன்றும் எவரிடமும் வாதாடுவேன். தொழில் எங்கே நிற்கிறது என்று அது எங்களுக்குக் காட்டியது. ஆனால் புது லாரி வந்து கடைக்கு முன்னால் நின்றபோது, அது போக வேண்டிய முதல் துக்க வீடு கூப்பிடவில்லை. சித்தப்பாதான் என்னை அதிகம் சங்கடப்படுத்தினார். சீண்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பக்கம் பேசினார். புள்ள என்ன செய்யும், எல்லாம் அந்த மெஷின் பண்ணுன வேலை என்று. நான் கொடுத்த பொய்யை அவர் எனக்காகத் தெருத்தெருவாகச் சுமந்துகொண்டிருந்தார்.

துக்க வீடு என்ற அந்தத் தலைப்பை அழித்துவிட முயன்றேன். மென்பொருள் விடவில்லை. ஒருமுறை பதிவு விழுந்த தலைப்பை அழிக்க முடியாது, இனிமேல் வேண்டாம் என்று மூடி வைக்கத்தான் முடியும். அது நல்ல விதிதான், தணிக்கையில் நானே அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பெரியப்பாவின் பெயரில் நின்ற தொகையை எதிர்ப்பதிவு போட்டு நீக்கினேன். நினைவூட்டலை நிறுத்தினேன். பிறகு அப்பாவிடம் போய், துக்க வீட்டை இனி எதில் போடட்டும் என்று கேட்டேன். தானம் என்று போடலாம், தள்ளுபடி என்று போடலாம், உறை வந்தால் மட்டும் வரவு வைக்கலாம் என்று மூன்று வழி சொன்னேன். ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“எங்கியாச்சும் போடு லா. யாருக்கும் அனுப்பாத” என்றார்.

அவர் கவலை அந்தத் தலைப்பு இல்லை. பாயான் பாருவுக்கு இனி எப்படிப் போவது என்பதுதான். கல்யாணச் சாமான் இறக்க அந்தப் பக்கம் போக வேண்டிய ஒரு நாள், சித்தப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு, இடுப்பு வலி என்று கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் அப்பா இடுப்பு வலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை.

பெரியம்மாவைப் போய்ப் பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். காரியம் முடிந்த பிறகு துக்கம் கேட்கப் போகக் கூடாது, முடித்து அனுப்பிய துக்கத்தைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி என்றார். பிறகு, “போக வேண்டிய நாள்ல போயிருக்கணும்” என்றார். அவர் என் மேல் வைத்த குற்றச்சாட்டு அது ஒன்றுதான். செய்தியைப் பற்றி அவர் பேசவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வீட்டுத் துக்கத்தை நான் பதிந்திருந்தேன், அந்த வீட்டுக்கு நான் போகவில்லை. ஒருமுறை போய் அந்தக் கேனப்பிக்கு அடியில் உட்கார்ந்திருந்தால், திரும்பி வந்து பெரியப்பாவின் பெயரைப் பட்டியலில் தேர்ந்தெடுக்க என் விரல் போயிருக்குமா? தெரியாது. போயிருக்காது என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் விடுப்பு கேட்டேன். எவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்பதைப் பார்த்தபோது இன்னும் கேவலமாக இருந்தது. காலையில் கடைக்குப் போய், அப்பாவை உட்காரச் சொல்லி, அவர் கைப்பேசியிலேயே அந்தச் செய்தியைத் திறந்து முதல் எழுத்திலிருந்து வாசித்தேன். பெரியப்பாவின் பெயரை வாசித்தேன். கடைசி வரியை வாசித்தேன். அதை மெஷின் எழுதவில்லை, நான் எழுதினேன், அழகாக இருக்கிறது என்று எழுதினேன் என்றும் சொன்னேன். பக்கத்தில் நின்ற சித்தப்பா கேட்டுவிட்டு வெளியே போனார். பெரியம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். போகக் கூடாது என்று அப்பா சொல்லவில்லை.

“நானும் வரட்டாம்மா?”

“வேணாம்பா.”

பேருந்தில் பாயான் பாரு போய் இறங்கினேன். வண்டி நிறுத்துமிடத்தில் கேனப்பி நின்ற இடத்தில் கார்கள் நின்றன. மின்தூக்கியில் ஏறினேன். துக்கம் கேட்க வந்தவள் மாதிரியும் இல்லாமல், விருந்தாளி மாதிரியும் இல்லாமல், கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. எதைக் கொண்டு போனாலும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

பெரியம்மா மரக்கதவைத் திறந்தார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. மெலிந்திருந்தார். உள்ளே தொலைக்காட்சி அணைந்திருந்தது. என்னைப் பார்த்ததில் அவர் முகத்தில் கோபமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

“அப்பா அனுப்புனாரா?”

“இல்ல பெரியம்மா. நானாத்தான் வந்தேன்.”

அவர் சாவியைத் தேடிப் போகவில்லை. போகவும் வேண்டாம் என்று இருந்தது எனக்கு. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் கொடுப்பார், சாப்பிட்டாயா என்பார், நான் மறுபடியும் அந்த வரியைத் தாண்டிவிடுவேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்த மெசேஜ மெஷின் எழுதல, பெரியம்மா. நான் எழுதினேன்” என்று தொடங்கி, பக்கத்து வீட்டுக் கதவு திறந்த பிறகும் நிறுத்தாமல், வெளியே நின்றபடியே முழுக்கச் சொல்லிவிட்டேன்.